கோட்டின் மேல் விழாத பந்து

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம், மாதுங்காவில் நடந்த ஒரு பூப்பந்து ஆட்டத்தில் நான் தவறான தீர்ப்பு ஒன்று சொன்னேன். அது தவறு என்று எனக்குத் தெரிவதற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. மைதானத்தில் இருந்த மற்றவர்களுக்கு அது அப்போதே தெரிந்திருந்தது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நகரத்தின் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் வரைபடக்காரனாக இருந்தேன். சாக்கடைகள் எந்தத் தெருவில் எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்று மையில் வரைவது என் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மாதுங்காவில் இரண்டாவது மாடியில் ஓர் அறையும் அடுக்களையும் கொண்ட வீடு. பக்கத்தில் இருந்த எங்கள் பூப்பந்துச் சங்கத்தில் நானும் அங்கத்தினன். ஆட்டம் எனக்கு வராது. ஆட வராதவர்களைக் கோட்டு நடுவராக உட்கார்த்தி வைப்பது சங்கத்தின் வழக்கம். நான் மூன்று வருஷமாக உட்கார்ந்துகொண்டிருந்தேன். வேலையிலும் நாள் முழுக்கக் கோட்டையே பார்ப்பவன் என்பதால் என்னைப் பொருத்தமானவன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டியின் இறுதி ஆட்டம். எங்கள் ஐந்து பேரும் தாராவியிலிருந்து வந்த ஐந்து பேரும். எங்களவர்கள் பாங்கியிலும் இன்ஷூரன்ஸிலும் குமாஸ்தாக்கள். வந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். தோல் பதனிடும் கிடங்குகளில் வேலை செய்பவர்கள். காலில் செருப்பில்லை. ஐந்து பேரும் ஒரே மாதிரி நீலச்சாயத்தில் முக்கியெடுத்த பனியன் போட்டிருந்தார்கள். சாயம் ஐந்திலும் ஐந்து விதமாக ஏறியிருந்தது.

எனக்கு அன்று வலது கண்ணில் கட்டி. இமை வீங்கிக் கண் முழுக்க மூடிவிட்டது. வேறு யாரையாவது போடச் சொல்லி எங்கள் செயலாளரிடம் கேட்டேன். அவர் ஓர் ஆபீஸில் ஹெட் கிளார்க். சங்கத்தையும் ஆபீஸ் மாதிரியே நடத்துவார்.

"பாக்க வேண்டியது ஒரே ஒரு கோடு. அதுக்கு ரெண்டு கண்ணு எதுக்கு?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. ஸ்டூலைப் பின்கோட்டின் நுனிக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இருபத்தொன்பது புள்ளியை முதலில் எடுப்பவர்கள் ஜெயித்தவர்கள். மூன்றாவது ஆட்டத்தில் தாராவிக்காரர்கள் இருபத்தெட்டு, நாங்கள் இருபத்தாறு. சர்வீஸ் அவர்களிடம். அவர்களுடைய முன்வரிசை ஆட்டக்காரன், நெடுநெடுவென்று வளர்ந்தவன், மஞ்சள் கம்பளிப் பந்தை எங்கள் பின்கோட்டை நோக்கி ஓங்கி அடித்தான். எங்கள் ஆள் ஒருவர் மட்டையை நீட்டினார். பந்து அவர் மட்டையில் உரசியதா என்று நான் அவர் மட்டையையே பார்த்தேன். உரசவில்லை. கோட்டையும் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெள்ளையாக, ஒரு பின்னமும் இல்லாமல் கிடந்தது. அதன்மேல் ஒன்றும் விழவில்லை. அடுத்த கணம் பந்து கோட்டுக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது.

"வெளியே" என்று கையை விரித்தேன்.

நெட்டை ஆட்டக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தான். முப்பது வயதிருக்கும்.

"சார், பந்து கோட்டுலல்லா விழுந்துச்சு?"

"இல்லை. வெளில விழுந்தது."

"நீங்க பாத்தீயளா?"

"பாத்தேன்."

அவன் பந்தைத் திருப்பிக் காட்டினான். மஞ்சள் கம்பளியில் ஒரு பக்கம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"கார்த்தாலேர்ந்து இதே பந்துலதான் ஆடறேள். சுண்ணாம்பு ஒட்டாம இருக்குமா?" என்றேன். யுத்தத்தால் கம்பளி நூல் கிடைக்காமல் அன்றைய ஆட்டம் மொத்தமும் இரண்டே பந்துகளில் ஓடிக்கொண்டிருந்தது உண்மை. என் பதிலின் தர்க்கம் எனக்கே பிடித்திருந்தது.

கூட்டத்தில் அவர்கள் பக்கமிருந்து ஒருவர், "ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு அவரு என்னத்தப் பாத்தாராம்?" என்று கத்தினார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, தெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், பந்து கோட்டைத் தொடவில்லை என்றேன்.

நெட்டை ஆட்டக்காரன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சத்தியமெல்லாம் எதுக்கு சார். விடுங்க" என்று திரும்பிப் போய்விட்டான்.

சர்வீஸ் எங்களுக்கு வந்தது. வரிசையாக மூன்று புள்ளி எடுத்துக் கோப்பையை வாங்கினோம். அதன்பிறகு காப்பியும் போண்டாவும் கொடுத்தார்கள். எங்கள் ஆட்டக்காரர்கள் போண்டாவைப் பார்த்தே பேசினார்கள். மட்டையை நீட்டியவர் மட்டும் என் அருகில் வந்து, "நன்னா சமாளிச்சுட்டேள்" என்று தோளில் தட்டினார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. நான் எதையும் சமாளிக்கவில்லை. பார்த்ததைத்தான் சொன்னேன்.

கட்டி பழுத்து, ஒரு வாரத்துக்குப் பிறகும் உடையாததால் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மராட்டிக்கார டாக்டர். கட்டியைக் கீறி, சீழை எடுத்து, வலது கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டினார். இரண்டு நாளைக்கு ஒற்றைக்கண்ணோடு சமாளிக்க முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். ஒற்றைக்கண்ணோடு ஓர் இறுதி ஆட்டத்துக்கே நடுவராக இருந்தவன் நான் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை மட்டும் நிமிர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு, இடது கையை மெல்ல இடது பக்கமாக நகர்த்தச் சொன்னார். ஒரு சாண் போவதற்குள் என் இடது கட்டைவிரலின் மேல்பாதி காணாமல் போயிற்று. விரல் இருந்த இடம் இருட்டாகவில்லை, ஓட்டையாகவும் இல்லை. அங்கே ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை வர்ணம் இருந்தது. கையை இன்னும் நகர்த்தினேன். விரல் திரும்பி வந்தது.

"இது என்ன வியாதி?" என்று கேட்டேன்.

வியாதி இல்லை, தனக்கும் உண்டு, எல்லோருக்கும் உண்டு என்றார். விழிக்குப் பின்னால் ஒரு நரம்பு கிளம்பி மூளைக்குப் போகிறது. அது கிளம்புகிற இடத்தில் பார்வை கிடையாது. ஆனால் மூளை அந்த இடத்தைக் காலியாக விடாது. அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதையே இழுத்துப் போர்த்தி மூடிவிடும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்று விட்டதை மற்றது பார்த்துவிடும், அதனால் பாதகமில்லை.

"சுற்றிலும் சுவராக இருந்தால்?"

"சுவர்."

"கோடாக இருந்தால்?"

"கோடு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வீட்டுக்குப் போகிற ரயிலில் எதிரில் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் பார்வையில் அவர் தலைக்கு வலதுபுறம் இருந்த ஜன்னல் கம்பியை உற்றுப் பார்த்து அவர் தலையை எடுத்தேன். தொப்பியும் தலையும் போய், பெட்டியின் மரப்பலகை வந்தது. கழுத்துக்குக் கீழே அவர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். இப்படி நாலைந்து முறை செய்தேன். தாதரில் அவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவளையும் அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். சங்கத்திலிருந்து அதே பந்தையும் ஸ்டூலையும் எடுத்து வந்திருந்தேன். கோடு லேசாக அழிந்திருந்தாலும் தெரிந்தது. ஸ்டூலை அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். அன்று எங்கள் ஆட்டக்காரர் மட்டையை நீட்டிய இடத்தில் ஒரு குடையை நட்டோம். நான் குடையின் பிடியையே பார்த்தேன். என் மனைவி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தைக் கோட்டின் மேல் வைத்து வைத்து நகர்த்திக்கொண்டே போனாள்.

"இப்போ தெரியறதா?"

"தெரியறது."

"இப்போ?"

"தெரியறது."

"இப்போ?"

பந்தும் இல்லை, அதைப் பிடித்திருந்த அவள் கையும் இல்லை. கோடு மட்டும் நீளமாக, முழுசாக இருந்தது.

"ஏன்னா, உங்களைத்தான் கேக்கறேன்."

"எங்கே வெச்சிருக்கே?"

"கோட்டுமேலதான். நட்டநடுவுல."

"கோடுதான் தெரியறது."

"அதெப்படி? கோடு பந்துக்கு அடியிலன்னா இருக்கு?" அவள் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பந்தும் தெரியலை, ஆனா அதுக்கு அடியில இருக்கறது தெரியறதா?"

ஆமாம் என்றேன். அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் பந்தைப் பிடித்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அவளுக்கும் காணாமல் போயிற்று. எழுந்து குடையைப் பிடுங்கிக்கொண்டே, "அன்னிக்குத் தெய்வத்துமேல ஆணைன்னு வேற சொல்லிட்டு வந்தேளே" என்றாள்.

அன்று சாயங்காலமே செயலாளர் வீட்டுக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ என்ன பண்ணணுங்கறேள்?"

"ஆட்டத்தைத் திரும்ப ஆடணும். இல்லேன்னா கோப்பையை அவாகிட்டக் குடுத்துடணும்."

"கண்ணுல ஓட்டை இருக்கறவனை நடுவரா உக்காத்தி வெச்சோம்னு மினிட்ஸ்ல எழுதச் சொல்றேளா?"

"எல்லார் கண்ணுலயும் இருக்கு, ஸார். உங்க கண்ணுலயும் இருக்கு."

"என் கண்ணுல இல்லை."

கட்டைவிரல்களை நீட்டிக் காட்டச் சொன்னேன். நீட்டினார். நகர்த்தினார். "மறையலையே" என்றார். அவர் ஒரு கண்ணையும் மூடவில்லை. மூடச் சொன்னேன். மூடினார், நகர்த்தினார், கையைச் சட்டென்று கீழே போட்டார். "மறையலை" என்று மறுபடியும் சொல்லி, உள்ளே திரும்பிக் காப்பி கொண்டுவரச் சொன்னார். கோப்பையில் எங்கள் சங்கத்தின் பெயரை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது என்றும், வெட்டிய எழுத்தை அழித்தால் வெள்ளி முலாம் போய்விடும் என்றும் காப்பி குடித்துக்கொண்டே விளக்கினார்.

மறுநாள் மத்தியானம் தாராவிக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. அதற்கு முன் நான் அங்கே போனதில்லை. நான் வரைந்த சாக்கடைகளில் ஒன்று அந்த வழியாகப் போவதாகப் படத்தில் இருந்தது. தெருவில் அதைக் காணவில்லை. பந்தாடுகிற நெட்டையான ஆள் என்று விசாரித்ததும் ஒரு கிடங்கைக் காட்டினார்கள். தகரக் கூரை. தரையில் சுண்ணாம்புத் தண்ணீர் நிரப்பிய குழிகள். அவற்றில் தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன. நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டான். கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"வாங்க சார். என்ன இவ்வளவு தூரம்?"

"அன்னிக்குப் பந்து கோட்டுமேலதான் விழுந்தது. நான் சொன்னது தப்பு."

"அது எங்களுக்குத் தெரியும்லா?" என்றான். "இதச் சொல்லவா வந்தீய?"

"பொய் சொல்லலை. நிஜமாவே எனக்குத் தெரியலை. அதைத்தான் சொல்ல வந்தேன்."

அவன் நம்பவில்லை. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. பெரிய இடத்து ஆட்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்பது போல நின்றான். நான் ஒரு கரித்துண்டு வாங்கி, வெள்ளையடித்த சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அதற்கு இடது பக்கம் ஒரு சாண் தள்ளி, ரூபாய் அளவில் ஒரு புள்ளி. ஒரு கஜ தூரத்தில் அவனை நிறுத்தி, வலது கண்ணை மூடிக்கொண்டு குறியையே பார்க்கச் சொல்லி, முன்னும் பின்னும் மெல்ல நகரச் சொன்னேன்.

இரண்டாவது அடியில் நின்றுவிட்டான். கண்ணைத் திறந்தான், மூடினான், திறந்தான்.

"ஏ, புள்ளியக் காங்கல!"

வேலையை விட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரை நோக்கி நடந்து, கூவினார்கள். மேஸ்திரியை அங்கே முகாதம் என்பார்கள். சத்தம் போட வந்த முகாதமும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்றுகொண்டார்.

"அப்போ எங்க கண்ணுலயும் ஓட்ட இருக்குன்னா, நாங்க பாத்தது மட்டும் எப்படி சார் சரி?" என்று நெட்டை ஆட்டக்காரன் கேட்டான்.

"நீங்க ரெண்டு கண்ணால பாத்தேள்."

அவன் யோசித்துத் தலையை ஆட்டினான். அதன்பிறகுதான் எனக்கு டீ வரவழைத்தான்.

கடைசியாக அவனுடைய அண்ணன் வந்தார். ஐம்பதை நெருங்கியவர். சுண்ணாம்புக் குழியில் இருபது வருஷம் வேலை செய்தவர். வலது கண்ணை மூடிக் குறியைப் பார்த்தார்.

"புள்ளி தெரியுதா அண்ணாச்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்ல."

"பின்னால வாங்க. இப்போ?"

"இல்ல."

முன்னால் வந்தார். இல்லை. சுவரில் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றார். இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணாச்சி வெளாடுதாரு" என்றார்கள்.

"வெளாடலடே. சுவரு சுத்தமால்லா இருக்கு" என்றார் அவர்.

நான் இடது பக்கத்திலிருந்து என் கையை மெல்லச் சுவரின்மேல் கொண்டுவந்தேன். குறிக்கு நாலு விரற்கடை தூரம் வரும்வரை அவர் கையைப் பார்க்கவில்லை. மேலேயிருந்து கொண்டுவந்தேன், அதே மாதிரிதான். சிரிப்பு நின்றுவிட்டது. புள்ளியைப் பார்க்கச் சொல்லி மற்றக் கண்ணையும் சோதித்தோம். அதில் குறி ஒழுங்காக மறைந்து ஒழுங்காக வந்தது.

தம்பி என்னைத் தனியே கூப்பிட்டான். "ஒரு வருசமா இடது பக்கமா வண்டியிலயும் ஆளு மேலயும் போயி முட்டுதாரு, சார். போன மாசம் குழிக்குள்ள கால விட்டுட்டாரு. கண்ணு என்ன பொடதியிலயா இருக்குன்னு ஏசுனேன். குடிக்காருன்னுகூட நெனச்சேன்" என்றான்.

மறுநாள் ஆபீஸுக்கு மறுபடி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அண்ணனுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். டாக்டர் அவரைக் கறுப்புத் துணி போர்த்திய பலகை முன்னால் உட்கார வைத்து, நுனியில் வெள்ளைப் பொட்டு வைத்த குச்சியை நாலா பக்கத்திலிருந்தும் கொண்டுவந்தார். அவர் எங்கெங்கே பார்க்கவில்லையோ அதையெல்லாம் ஒரு காகிதத்தில் கறுப்பாகத் தீட்டினார். இடது கண்ணுக்கான வட்டத்தில் நடுவில் கொஞ்சம் தவிர எல்லாம் கறுப்பு. வலது கண்ணின் வட்டத்திலும் ஓரத்தில் ஒரு பிறை தீட்டியிருந்தார்.

அண்ணன் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "எனக்குக் கறுப்பா ஒண்ணும் தெரியலயே" என்றார்.

மொழிபெயர்த்தேன். தெரிந்திருந்தால் போன வருஷமே வந்திருப்பார் என்றார் டாக்டர். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, போனது போனதுதான், மிச்சமிருப்பதை ஆபரேஷன் செய்து காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். இதை நான் கொஞ்சம் மாற்றி, நல்லபடியாகிவிடும் என்று மொழிபெயர்த்தேன். தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ளதச் சொல்லுங்க சார்" என்றான். உள்ளதைச் சொன்னேன். அண்ணன் வேட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, இடது கண்ணை ஒரு முறை, வலது கண்ணை ஒரு முறை பொத்திப் பொத்தி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

ஆபரேஷன் முடிந்து அவர் இரண்டு வாரம் இரு கண்களிலும் கட்டோடு படுத்திருந்தார். ஆபீஸ் விட்டதும் நான் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். என் மனைவி ரசம் சாதம் கொடுத்தனுப்புவாள். எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. ஒரு நாள் அவர், கட்டுக்குள்ளே ஊர்க் கிணறும் அதன் படிகளும் நிறையத் தெரிகின்றன, பகலில் யார் யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள் என்றார். டாக்டரிடம் சொன்னேன். அது பாதகமில்லை, கட்டுப் பிரித்ததும் போய்விடும் என்றார். போய்விட்டது.

வலது கண் தப்பியது. இடது கண் இரண்டு வருஷத்தில் முழுக்கப் போயிற்று. கிடங்கு முதலாளி அவரைக் குழி வேலையிலிருந்து எடுத்து, பதனிட்ட தோல்களைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலையில் உட்கார வைத்தார். அதில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது.

பந்து கோட்டின் மேல்தான் விழுந்தது என்பதை எழுத்தில் தரும்படி தம்பி கேட்டான். இரண்டு பிரதி எழுதினேன். ஒன்றை அவனிடம் கொடுத்தேன். இன்னொன்றைச் சங்கத்தில் கொடுத்தேன். சங்கத்தில் அதைப் படித்து, பதிவு செய்து, கோப்பில் வைத்தார்கள். அடுத்த வருஷம் என்னை நடுவராகப் போடவில்லை. நாற்காலிகள் எடுத்துப் போடுகிற பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்த வருஷம் மாதுங்காவும் தாராவியும் முதல் சுற்றிலேயே தோற்று, கோப்பை சயானுக்குப் போயிற்று.

கிடங்குச் சுவரில் இருந்த குறியையும் புள்ளியையும் முகாதம் அழிக்கவிடவில்லை. ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அண்ணன் அதற்கு முன்னால் நிறுத்தி, வலது கண்ணை மூடச் சொல்லி நடக்க விடுவார். சந்தேகப்பட்டு இரண்டு பேரை அவரே ரயிலேற்றி டாக்டரிடம் கூட்டிப் போனார். ஒருவனுக்கு ஒன்றுமில்லை. இன்னொருவன் இடம் வலம் தெரியாமல் தப்பான கண்ணை மூடியிருந்தான்.